மான் பொலித்தீன் தின்பது அறியாமையால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

திருகோணமலை நகருக்குள் திரியும் புள்ளிமான்கள் பொலித்தீன் தின்று மடிவதைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளிவந்த வாசகர் கடிதத்தைப் படித்தேன். அக்கறையோடு எழுதப்பட்ட கடிதம்தான். ஆயினும், எது தீனி எது குப்பை என்று பிரித்தறியத் தெரியாத வாயில்லாச் சீவன்கள் என்று அதில் மான்களைக் கூறியிருந்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பஸ் நிலையத்துக்கு அருகே காலைத் தேநீர் அருந்தும் வழக்கமுடையவன் என்ற முறையில் இம்மான்களை நாள்தோறும் பார்த்து வருகிறேன். குறை அவற்றின் அறிவில் இல்லை. வாயும் வயிறும் அமைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது.

சென்ற வாரம் விடிந்தும் விடியாத நேரத்தில், பெண்மான் ஒன்று முந்திய இரவு யாரோ வீசிவிட்டுப் போன சாப்பாட்டுப் பொதியைக் கால்வாயோரத்தில் கண்டுபிடித்தது. முதலில் மோந்தது, பருப்புக் கறி காய்ந்து ஒட்டியிருந்த ஓரத்தை நக்கியது, பின்னர் நாக்கை வளைத்து, எஞ்சிய சோற்றைப் பொலித்தீன் தாளோடு சேர்த்து உள்ளே இழுத்தது. தேநீர்க் கடைக்காரர் கையை ஓங்கிக்கொண்டு ஓடிவருவதற்குள் தாளில் பாதி தொண்டைக்குள் போய்விட்டது. மீதி வாயோரத்தில் தொங்க, மான் வீதியைக் கடந்து கோட்டைப் பக்கமாக நடந்துவிட்டது.

மானின் மேல்தாடையில் முன்பற்கள் கிடையா. தடித்த ஈறுதான் உண்டு. எனவே புல்லை நாக்காலும் உதட்டாலும் பற்றி, கீழ்ப்பற்களை அந்த ஈற்றில் அழுத்தி, இழுத்து அறுத்து, அரைகுறையாக மென்று விழுங்குகிறது. திறந்த வெளியில் தலையைக் குனிந்து நெடுநேரம் மென்றுகொண்டிருந்தால் சிறுத்தைக்கு இரையாக வேண்டியதுதான். ஆகவே கிடைத்ததை விரைவாக உள்ளே தள்ளிவிட்டு, பின்னர் பாதுகாப்பான இடத்தில் படுத்துக்கொண்டு, அதனை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து ஆறுதலாக அசைபோடும் பழக்கம் இவ்வின விலங்குகளுக்கு வாய்த்திருக்கிறது. காட்டில் உயிரைக் காக்கும் அந்த அவசரமே நகரத்தில் உயிரைப் பறிக்கிறது. நாம் மீன் முள்ளை வாய்க்குள்ளேயே ஒதுக்கி எடுப்பதைப் போலச் சோற்றிலிருந்து தாளை ஒதுக்குவதற்கு அதன் வாயில் வசதி இல்லை.

உள்ளே போன தாளுக்கு வெளியேறும் வழியும் இல்லை. மானின் இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. முதலிரு அறைகளிலிருந்து மூன்றாவது அறைக்குச் செல்லும் திறப்பு, சில மில்லிமீற்றர் அளவுக்கு நொறுங்கிய துணுக்குகளையே பெரும்பாலும் கடக்க விடுகிறது. புல்லை அந்த அளவுக்கு நொறுக்குவது அசைபோடுதலும் அங்கு வாழும் நுண்ணுயிர்களும்தான். பொலித்தீனிடம் இரண்டுமே தோற்றுவிடுகின்றன. தாள்கள் ஒன்றோடொன்று முறுகிப் பந்தாகி அங்கேயே தங்க, வயிறு நிறைந்திருப்பதாகவே மான் உணர்கிறது; பசி மந்தமாகிறது; வயிறு முட்டியிருக்க உடல் மெலிகிறது. தாளை நீக்கிவிட்டுச் சோற்றை மட்டும் கொட்டினால் புண்ணியம் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இலைதழைக்குப் பழகிய அந்த நுண்ணுயிர்களிடையே மாப்பொருள் மிகையாகச் சேர்ந்தால் அமிலம் பெருகி, வயிறே கெட்டுவிடும். மாடு வளர்ப்போர் இதனை அறிவர்.

காட்டு விலங்கு மனிதனை அண்டி வருவதேன் என்ற கேள்விக்கு இந்தியக் காடுகளில் ஒரு குறிப்புக் கிடைக்கிறது. அங்கே மந்திகள் மரத்திலிருந்து தின்று உதிர்க்கும் இலைக்கும் காய்க்கும் புள்ளிமான்கள் கீழே கூடுவதுண்டு. மேலிருந்து விழுவது உணவு என்பது அவற்றின் பழைய பாடம். கோணேசர் கோயில் வீதியில் பயணிகள் வாழைப்பழத் தோலை நீட்டும்போது நாம் அந்த மந்திகளின் இடத்தைத்தான் பிடித்திருக்கிறோம். (உவமையில் எவரும் மனம் நோக வேண்டாம்.) "எப்போதாவது ஒருநாள்தானே கொடுக்கிறோம்" என்பதும் சமாதானமாகாது. அமெரிக்க உளவியலாளர் பி. எவ். ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில், கொத்தும்போதெல்லாம் தானியம் பெற்ற புறாவைவிட, எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் இடையிடையே பெற்ற புறாதான், தானியம் நின்ற பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டிருந்தது.

மானின் பழக்கத்தை இவ்வளவு ஆராய்ந்துவிட்டு மனிதரின் பழக்கத்தை விட்டுவிடுவது நியாயமாகாது. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வொன்றில், சந்தொன்றில் நிறுத்தப்பட்டிருந்த சைக்கிள்களின் பிடியில் விளம்பரத் துண்டுகளைக் கட்டிவைத்தார்கள். சுவரில் கிறுக்கத் தடை என்ற அறிவித்தல் எப்போதும் இருந்தது. சுவர் தூய்மையாக இருந்த நாளில் 33 சதவீதமானோர் துண்டைக் கீழே எறிந்தனர். அறிவித்தலையும் மீறிச் சுவர் கிறுக்கப்பட்டிருந்த நாளில் எறிந்தோர் 69 சதவீதம். ஒரு விதி மீறப்பட்டிருப்பதைக் கண்ணால் கண்டவர் வேறொரு விதியையும் எளிதாக மீறுகிறார். "இங்கு குப்பை போடாதீர்" என்ற பலகையின் காலடியிலேயே பெரிய குவியல் கிடப்பதை நம்மூரில் பார்க்காதவர் எவர்? உணவு பொதியும் பொலித்தீன் தாளுக்கு இலங்கையில் 2017 செப்டெம்பரிலேயே தடை வந்துவிட்டது. மேற்சொன்ன பெண்மான் இழுத்த தாள் எந்த ஆண்டில் செய்யப்பட்டதோ நானறியேன்.

ஆகவே இன்னொரு பலகை நடுவதால் பயன் விளையும் என்று நான் நம்பவில்லை. குப்பை அகற்றும் நேரத்தை மாற்றுமாறுதான் பொறுப்பானவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இப்போது வண்டி வரும்போது வெயில் ஏறிவிடுகிறது. மான்களோ விடியற்காலையில் மேய்ச்சலுக்கு வந்து, வண்டி வருமுன்னரே திரும்பிப் போய்விடுகின்றன. முதல் பஸ் புறப்படுமுன் அவ்விடம் கூட்டப்பட்டால் மானுக்கு ஒரு தாளும் எஞ்சாது. அன்று வந்திறங்கும் பயணியின் கண்ணுக்கும் முந்திய நாள் குவியல் தென்படாது. தேநீர்க் கடைக்காரர் ஈத் தொல்லைக்காகத் தம் கடை வாசலை மட்டும் ஐந்து மணிக்கே கூட்டி விடுகிறார். அவருடைய வாசலில் பொதி கிடந்து நான் பார்த்ததில்லை. மேற்சொன்ன பொதி கிடந்ததும் பக்கத்துக் கடைக்கு முன்னால்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
திருகோணமலை.