ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி ஆராய்ச்சிப் பணி: இன்னும் ரூ.9,30,000 வேண்டும்

நெல்லைச் சீமை மக்களுக்கும், வெளியூரில் பிழைக்கப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் குழுவின் வணக்கம்.

நெல்லையப்பர் காந்திமதி அருளாலும் உங்கள் தயவாலும் இதுவரை ரூ.19,20,000 சேர்ந்திருக்கிறது. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில், அதாவது நம் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், நோய் ஆராய்ச்சிக்கு வசதி செய்யத் தேவை ரூ.28,50,000. ரத்த மாதிரிகளை மைனஸ் 80 டிகிரியில் வைக்கும் ஃப்ரீசருக்குக் கம்பெனி தந்த விலைப்புள்ளி புரட்டாசிக் கடைசி வரைதான் செல்லும். அதைவிடப் பெரிய கெடு ஐப்பசி மழை. மழை விழுந்தால் காய்ச்சல் வார்டு நிரம்பிவிடும். இந்த வருஷமும் மாதிரி எடுத்து வைக்க வழியில்லாமல் போனால் அடுத்த மழை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பார்வையற்ற பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் 19ஆம் நூற்றாண்டிலேயே பள்ளிக்கூடம் கண்ட ஊர் நம் பாளையங்கோட்டை. 1965இல் இங்கே மருத்துவக் கல்லூரி வந்தது. முதல் செட்டில் படித்தவர்கள் இன்று 80 வயதை ஒட்டியிருக்கிறார்கள். அந்த நாட்களைப் பேசத் தொடங்கினால் அவர்களுக்கு நேரம் போவதே தெரியாது. 2020இல் கொரோனா வந்தபோது தமிழ்நாட்டில் முதலில் பரிசோதனை தொடங்கிய கூடங்களில் நம்முடையதும் ஒன்று. 2019இல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. ஆனாலும் செங்கோட்டை, சங்கரன்கோவில் பக்கத்து ஆம்புலன்ஸ்கள் இன்றும் ஹைகிரவுண்டுக்குத்தான் வருகின்றன.

வைத்தியம் நடக்கும்போது ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். உண்ணிக்காய்ச்சலைப் பாருங்கள். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருவது. கடித்த இடத்தில் பலருக்குப் பீடி நெருப்புப் பட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. வேலூர் சி.எம்.சி. முன்னின்று, நாட்டின் பல ஆஸ்பத்திரிகள் கூட்டாக நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. கடுமையான உண்ணிக்காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் என்ற மருந்துகள் இரண்டில் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே மேல் என்று அது காட்டியது. தனி ஒரு ஆஸ்பத்திரியால் ஆகிற காரியமா அது?

பாம்புக்கடி மருந்துக்கும் ஆராய்ச்சி வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்காகவே அது தயாராகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள குழிவிரியனின் விஷத்துக்கு அது கேட்பதில்லை, சிறுநீரகம் கெட்டுப்போகலாம். மலையடிவாரத்தில் வயலுக்குப் போகிறவர்களின் பிரச்சினையை நாம் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள்?

கூட்டு ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது மாதிரி பத்திரமாக இருக்குமா, கணக்கு ஒழுங்காக இருக்குமா, நோயாளியிடம் விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்க ஆள் உண்டா என்பதைத்தான். வார்டில் ஓடிக்கொண்டிருக்கும் டாக்டர் தலையிலேயே இதையும் கட்ட முடியாது.

செலவு இதுதான். ஃப்ரீசர் ரூ.7,50,000. கரண்ட் போனால் தாங்கும் பேட்டரி ரூ.1,50,000. ஆராய்ச்சி நர்ஸ் இருவருக்கு மாதம் 20,000 வீதம் இரண்டு வருஷத்துக்கு ரூ.9,60,000. புள்ளியியல் படித்த ஒருவருக்கு மாதம் 35,000 வீதம் அதே இரண்டு வருஷத்துக்கு ரூ.8,40,000. கம்ப்யூட்டர், மேசை, நாற்காலிக்கு ரூ.1,50,000.

கொடுத்தவர்களை நினைத்தால் மனசு நிறைகிறது. முதல் செட் டாக்டர்கள் கேட்காமலே அனுப்பினார்கள். மேலப்பாளையத்தில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் துண்டு விரித்துச் சேர்த்துத் தந்தார்கள். பாளையங்கோட்டைச் சபைகளில் ஒரு ஞாயிற்றுக் காணிக்கையை முழுசாக ஒதுக்கினார்கள். சென்னையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நம் ஆட்கள் கல்லாப் பக்கத்திலேயே உண்டியல் வைத்தார்கள். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் அம்மாமார் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு, நோட்டில் பெயர் எழுதிக் கொடுத்தனுப்பினார்கள். அந்த நோட்டைக் குழுவின் கணக்குப் புத்தகத்தோடு சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறோம். பென்ஷன் பணத்தில் பாதியைத் தந்த வாத்தியார் பெயரைப் போடக்கூடாது என்றார், அதனால் போடவில்லை. எல்லாருக்கும் கோடி நன்றி.

அப்புறம் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மேடையில் கைதட்டு வாங்கிக்கொண்டு சொன்ன தொகை சில இன்னும் வந்து சேரவில்லை. அம்மன் கோயில் கொடை விழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று போடும் தலைக்கட்டு வரியைப் பாக்கி வைக்க யாரும் துணிய மாட்டோம். இதையும் அப்படி நினைக்க வேண்டும். இந்தக் கல்லூரியில் ஊர்ப் பணத்தில் படித்து டாக்டரானவர்களுக்கு இது கடமையே. பீடி சுற்றுகிறவர் கொடுத்திருக்கிறார், நாம் கொடுக்கவில்லை என்று இருக்கலாமா?

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை முதல் குழுவினர் ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக வருவோம். பத்து ரூபாய்க்கும் ரசீது உண்டு. ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். வெளியூர்க்காரர்கள் செக்காக அனுப்பலாம். மாதக் கடைசியில் வரவு செலவை எழுதி ஒட்டுவோம்.