செப்டம்பர் 30: எங்கள் சங்க நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். செப்டம்பர் 30 மாலை நம் சங்கம் நடத்திய, கனடாவின் 'உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான நாள்' நிகழ்வு மிகச் சிறப்பு என்று வாட்ஸ்அப் குழுவில் நாற்பது பேர் கைகூப்பியிருந்தார்கள். என் கைகூப்பலைக் காணவில்லையே என்று செயலாளர் ஐயா கேட்டிருந்தார். இதுதான் பதில்.

அன்று பேச வந்த மூதாட்டியைக் கேட்டுச் சம்மதிக்க வைத்து, காரில் கூட்டிவந்தவள் நான். அனிஷினாபே என்ற பூர்வகுடி இனத்தவர், எழுபத்தெட்டு வயது. ஒன்ராறியோவின் வடக்கே ஒரு வதிவிடப் பாடசாலையில், அதாவது பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த பாடசாலையில், ஏழு வருடம் இருந்தவர். அதைப் பற்றிப் பேசினால் பிறகு இரண்டு மூன்று நாளைக்கு நித்திரை வராது என்று முதலிலேயே சொன்னார். இருந்தும் வந்தார். அழைப்பிதழில் ஆறு மணி என்று இருந்ததால் ஐந்தே முக்காலுக்கு முன் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். நம் ஆறு மணி எத்தனை மணிக்கு வரும் என்று அவருக்குச் சொல்லிவைக்காதது என் பிழை.

விளக்கேற்றினோம். இரண்டு கீதங்கள் பாடினோம். இந்த நிலத்தின் பூர்வகுடிகளை நினைவுகூரும் உரையை ஓர் இளைஞர் வாசித்தார். இனப் பெயர்களை அவர் எழுத்துக்கூட்டித் தடுமாறியதில் அவர் மேல் பிழையில்லை. தாள் அவர் கைக்கு வந்ததே மேடையில்தான். அப்புறம் வரவேற்பு நடனம், அனுசரணையாளர் உரை, நகரசபை உறுப்பினர் உரை, பொன்னாடை, இன்னும் பொன்னாடை. ஒலிவாங்கி அந்த அம்மாவின் கைக்கு வந்தபோது எட்டே கால்.

மெதுவாகத்தான் பேசினார். பாடசாலையில் தனக்குப் பெயர் இல்லை, இலக்கம்தான் என்றார். தன் மொழியைப் பேசினால் அடி விழும் என்றார். சில வருடங்கள் கழித்து ஒரு கோடையில் வீட்டுக்கு அனுப்பினார்களாம். பாட்டி வாசலுக்கு ஓடிவந்து, முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாராம். "அவர் சொன்னதில் ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை" என்று சொல்லி நிறுத்தினார். அந்த இடைவெளியில்தான் நம் அறிவிப்பாளர் துண்டை நீட்டினார்: நேரம் முடிந்தது.

அவர் அதை வாசித்தார், மடித்துக் கைப்பையில் வைத்தார், 'மீக்வெச்' என்று தன் மொழியில் நன்றி சொல்லிவிட்டு இறங்கினார். அடுத்தது குழு நடனம். நேரத்தை நான் பார்த்தேன். ஏழு நிமிடம்.

திரும்பும்போது காரில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். மேடையில் ஆடிய பிள்ளைகளுக்கெல்லாம் உங்கள் மொழி தெரியுமா என்று. சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்குப் போகிறார்கள் என்றேன். நல்லது என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் கோரிக்கை இதுதான். அடுத்த செப்டம்பர் 30 அன்று, அந்தப் பாடசாலைகளிலிருந்து உயிரோடு வந்த ஒருவருக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். கடைசி ஒரு மணி நேரம் அல்ல, முதல் ஒரு மணி நேரம்.

வரலாறு உங்களுக்குத் தெரியும். அந்தப் பாடசாலைகளில் ஏறத்தாழ 150,000 பிள்ளைகள், அவற்றை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணைக்குழுவின் 94 பரிந்துரைகள் என்று அன்று கொடுத்த துண்டுப்பிரசுரத்திலேயே அழகாக அச்சடித்திருந்தீர்கள். அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 2015இல் உண்மை ஆணைக்குழு தேடி எடுத்த 3,200 மரணப் பதிவுகளில் மூன்றில் ஒரு பங்குக்குப் பிள்ளையின் பெயரே எழுதப்பட்டிருக்கவில்லை. உடலை ஊருக்கு அனுப்பச் செலவாகும் என்று பாடசாலைப் பக்கத்திலேயே புதைத்தார்கள். இந்தப் புதைகுழிகள் பற்றி ஆராய்ந்த கிம்பர்லி மரே 2024 ஒக்டோபரில் தந்த இறுதி அறிக்கையில், இவர்கள் காணாமல் போன பிள்ளைகள் அல்ல, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் என்றார். 'போன' என்பதற்கும் 'ஆக்கப்பட்ட' என்பதற்கும் உள்ள தூரத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டுமா? அந்த ஒரு சொல்லுக்காகத்தானே கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் 2017இலிருந்து படங்களைப் பிடித்துக்கொண்டு தெருவோரம் இருக்கிறார்கள்.

மே 18 அன்று முள்ளிவாய்க்கால் கஞ்சியைக் கையில் வாங்கி நிற்பவர்கள் நாம். நம் டொரன்டோ நகரிலிருந்து நூறு கிலோமீற்றர் தள்ளி, பிரான்ட்ஃபோர்டில், 1970 வரை நடந்த மொஹாக் இன்ஸ்டிடியூட் என்ற வதிவிடப் பாடசாலைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'மஷ் ஹோல்', கஞ்சிக் குழி. ஓயாமல் ஊற்றிய ஓட்ஸ் கஞ்சியால் வந்த பெயர். கட்டடம் இன்னும் நிற்கிறது. நயாகராவுக்கு வருடா வருடம் பஸ் பிடிக்கும் நாம் அங்கே ஒருமுறையும் பஸ் பிடித்ததில்லை.

செம்மஞ்சள் சட்டைகளைப் பற்றியும் சொல்லாமல் விட முடியவில்லை. 1973இல் ஃபிலிஸ் வெப்ஸ்டாட் என்ற ஆறு வயதுப் பூர்வகுடிச் சிறுமிக்குப் பாட்டி வாங்கிக் கொடுத்த செம்மஞ்சள் புதுச்சட்டையை முதல் நாளே பாடசாலையில் பறித்தார்கள். அந்த நினைவுக்குத்தான் இந்தச் சட்டை. நாம் அன்று போட்டிருந்த சட்டையின் முதுகில் ஒரு வீடு விற்பனை முகவரின் படமும் தொலைபேசி இலக்கமும் இருந்தன. பொருத்தம்தான். இந்த நகரின் பெரும்பகுதியை 1805இல் பிரித்தானிய முடி பூர்வகுடிகளிடமிருந்து பத்து ஷில்லிங்குக்கு எழுதி வாங்கியது. அந்த விலைக்கு முடித்துக் கொடுக்கும் முகவர் இனிக் கிடைக்கமாட்டார்.

அரசு மட்டும் திறமோ என்று கேட்பீர்கள். இல்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேட ஆணைக்குழு 2009இல் கேட்ட 15 லட்சம் டொலரை அரசு கொடுக்கவில்லை. 2021இல், இந்த நாளை முதல் முறையாக அனுசரித்தபோது, அப்போதைய பிரதமர் குடும்பத்தோடு டொஃபினோ கடற்கரைக்குப் போனார். ஒன்ராறியோ இதை இன்னும் பொது விடுமுறையாக்கவில்லை. அதனால்தான் நம் நிகழ்வே வேலை முடிந்து மாலையில் நடந்தது. சரி, அரசைத் திட்டத் தனி மடல் எழுதலாம். அரசு செய்வது நம் கையில் இல்லை. மேடையில் யாருக்கு எத்தனை நிமிடம் என்பது முழுக்க உங்கள் கையில்.

நீங்கள் கெட்ட எண்ணத்தோடு செய்தீர்கள் என்று நான் நினைக்கவில்லை. மண்டபம் பிடித்ததிலிருந்து கதிரை அடுக்கியதுவரை எல்லாம் சம்பளமில்லாத உழைப்பு என்பது தெரியும். ஆகவே பணிவோடு திரும்பவும் கேட்கிறேன்: முதல் ஒரு மணி நேரம். நடனம் வேண்டாம், பொன்னாடை வேண்டாம், துண்டு வேண்டாம்.

அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுச் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதமும் போக வேண்டும். கொண்டுபோய்க் கொடுக்க நான் தயார். அடுத்த வருடம் வருவீர்களா என்று கேட்கவும் தயார். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதிக் கையெழுத்திட்டு எனக்கு அனுப்பிய பிறகுதான் அவருக்குத் தொலைபேசி எடுப்பேன்.

இப்படிக்கு,
ஓர் ஆயுட்கால உறுப்பினர்,
ஸ்காபரோ