மூர்த்திக்கு, கொஞ்சம் சண்டை

அன்புள்ள மூர்த்தி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. உன் பெண்ணுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததை ராஜி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், நீ வாய் திறந்தால்தானே!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை நான் ஜாஸ் போட்டதும் "கணக்கு வாத்தியார் சங்கீதம், நெஞ்சே இல்லை, நிறுத்துடா" என்றாயே, அதை இன்னும் நான் மறக்கவில்லை. உனக்குப் பிடித்த அந்த சோல் பாட்டுகள் அமெரிக்கக் கறுப்பர்களின் எந்த சர்ச்சிலிருந்து வந்தனவோ, அதே சர்ச்சிலிருந்து ஜாஸ்காரர்களும் வேண்டியதை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பிலடெல்பியாவில் பிறந்த பியானோக்காரர் பாபி டிம்மன்ஸ் ஒரு பாதிரியாரின் பேரன். எட்டே எட்டு தாளக்கட்டுக்கு ஒரு மெட்டு வைத்துக்கொண்டு, கச்சேரியில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே சும்மா வாசித்துக்கொண்டிருந்தாராம். கூட சாக்ஸபோன் வாசித்த பென்னி கோல்சன்தான் விடாமல் பிடித்து அதை முழுசாக எழுத வைத்தார். அதுதான் டிரம்ஸ்காரர் ஆர்ட் பிளேக்கியின் குழு 1958-இல் பதிவு செய்த 'மோனின்'. பியானோ ஒரு வரி சொல்லும், ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் சேர்ந்து இரண்டே வீச்சில் 'ஆமென்' போடும். நம்ம தெரு பஜனையில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்களே, அதேதான். பாடுவதற்கு மட்டும் ஆளில்லை. இதிலா நெஞ்சில்லை?

இதைவிட வேடிக்கை, சாக்ஸபோன்காரர் கேனன்பால் ஆடர்லி குழுவின் 'மெர்சி, மெர்சி, மெர்சி'. அவ்வளவு சர்ச் வாசனையோடு அதை எழுதிய ஜோ ஸாவினுல் யார் தெரியுமா? வியன்னாவிலிருந்து வந்த வெள்ளைக்காரர்! எலெக்ட்ரிக் பியானோவில் அவர் மெதுவாக ஆரம்பிக்க, ஊதுகிறவர்கள் வந்து சேர்ந்து மெட்டைத் தூக்கிக்கொண்டு போக, கூட்டம் கத்துகிறது. சிகாகோவில் ஒரு கிளப்பில் பதிவானது என்று இசைத்தட்டு உறையில் போட்டார்கள். உண்மையில் 1966-இல் ஹாலிவுட் ஸ்டூடியோ ஒன்றில் ஆட்களை அழைத்து, குடிக்கக் கொடுத்து, எடுத்தது. புரட்டுதான். ஆனாலும் எனக்கு அதில் கோபமே வரவில்லை, எதிரே பதில் கொடுக்க ஆள் இல்லாமல் இந்தச் சங்கீதம் நிற்காது என்று தெரிந்துதானே செய்திருக்கிறார்கள். அடுத்த வருடம் அமெரிக்க பாப் பட்டியலில் 11-ஆம் இடம் வரை போனது. அப்புறம் சுத்த ஜாஸ் ஆசாமிகள் முகம் சுளிக்காமல் இருப்பார்களா? உன் மாமா மாதிரி ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு.

டிம்மன்ஸ் கதை அப்படி முடியவில்லை. குடி. ஈரல் கெட்டு 1974-இல் போய்விட்டார், வயது 38. அதைப் படித்ததிலிருந்து நம்ம மணி ஞாபகமாகவே இருக்கிறது. போனில் நன்றாகத்தான் பேசுகிறான், ஆனால் காலை பத்து மணிக்கே குரல் குழறுகிறது. நான் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுகிறான், உன்னிடம் அது நடக்காது. இந்த ஞாயிறு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வா. அந்தக் கல்யாணச் சண்டையை மட்டும் எடுக்காதே.

உன்,
பாஸ்கர்