சாம்பியன் ஆகுமா உன் ஃபாரஸ்ட்?

கணபதி, கோயம்புத்தூர்
16.01.2025

அன்புள்ள கண்ணு,

பொங்கலன்று காலையில் போனில் நீ கேட்டதற்கு அப்போது பதில் சொல்ல முடியவில்லை. வாசலில் பானை பொங்குகிற நேரம், அம்மா வேறு கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "இந்த வருசம் ஃபாரஸ்ட் கப் அடிச்சிருமாப்பா? நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டாய். நீ இருக்கிற ஊரின் ஃபுட்பால் டீம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் சாம்பியன் ஆகுமா என்பதுதான் உன் கேள்வி. உன் குரலில் இவ்வளவு சந்தோஷத்தைக் கேட்டு ரொம்ப நாளாயிற்று. போகிற போக்கில் ஏதோ ஒன்றைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அன்றைய மேட்சையும் பார்த்துவிட்டு மெயிலில் விவரமாக எழுதலாம் என்று விட்டுவிட்டேன்.

லிவர்பூலோடு மேட்ச், ராத்திரி ஒன்றரை மணிக்கு ஆரம்பித்தார்கள். அம்மா தூங்கிவிட்டாள், டி.வி. சத்தத்தை அடக்கிவிட்டுப் பார்த்தேன். எட்டாவது நிமிஷமே உங்கள் கிரிஸ் வுட் கோல் போட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். அப்புறம் ஒரு மணி நேரம் உங்கள் தடுப்பாட்டக்காரர்கள் முரில்லோவும் மிலென்கோவிச்சும் கோலுக்கு முன்னால் இருக்கிற பெட்டிக்குள் வந்த பந்தை எல்லாம் வெளியே தள்ளிக்கொண்டே இருந்தார்கள். லீக்கில் முதலிடத்தில் இருக்கிற டீமுக்கு வழியே கிடைக்கவில்லை. 66-வது நிமிஷம் லிவர்பூலுக்கு ஒரு கார்னர். அதை எடுப்பதற்கு முன்னால் அவர்கள் கோச் ஸ்லாட் இரண்டு பேரை மாற்றினார். உள்ளே வந்த சிமிகாஸ் கார்னரை அடிக்க, உள்ளே வந்த ஜோட்டா தலையால் முட்டினார். இரண்டு பேருக்கும் அதுதான் முதல் தொடுதல். வந்து 22 விநாடிதான் ஆகியிருந்தது, 1-1. கடைசியில் உங்கள் கீப்பர் செல்ஸ் மட்டும் அப்படித் தடுக்காவிட்டால் அந்த ஒரு பாயிண்டும் போயிருக்கும்.

உன் கேள்விக்கு என் பதில் அந்த 22 விநாடியில்தான் இருக்கிறது, கண்ணு. நம் பட்டறையை நினைத்துக்கொள். வேலைத் தரத்தில் நாம் எந்தப் பெரிய கம்பெனிக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் நம் டர்னர் காய்ச்சலில் படுத்தால் அன்றைக்குப் பம்ப் ஷாஃப்ட் ஓடாது. பெரிய கம்பெனியில் அந்த மிஷினில் வேறொருவர் வந்து நிற்பார், மாலைக்குள் லோடு கிளம்பிவிடும். ஃபாரஸ்டின் முதல் பதினொரு பேர் யாரோடும் மோதுவார்கள். வுட்டுக்கு வயது 33. அவர் ஒரு மாதம் உட்கார்ந்துவிட்டால் அந்த இடத்தில் கோல் போட யார் இருக்கிறார்கள்?

கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 21 மேட்சில் 41 பாயிண்ட். போன சீசன் முழுக்க ஆடி, தண்டனையாக வெட்டிய நாலு பாயிண்ட் போக, 32 எடுத்து 17-வது இடத்தில் தப்பித்த டீம் இது. உங்கள் கோச் நூனோ செய்திருப்பது சாதாரண வேலை இல்லை. ஆனால் இதே வேகத்தில் போனால் 38 மேட்ச் முடிவில் 74 வரும். போன சீசனில் மான்செஸ்டர் சிட்டி 91 எடுத்துத்தான் சாம்பியன், 89 எடுத்த ஆர்சனல் வெறுங்கையோடு போனது. 85 எடுக்க வேண்டும் என்றாலே மிச்சமிருக்கிற 17 மேட்சில் 14 ஜெயித்து, 2 டிரா செய்து, ஒன்றில் மட்டும் தோற்க வேண்டும். லிவர்பூல் ஒரு மேட்ச் குறைவாக ஆடியே 47-இல் நிற்கிறது.

"லெஸ்டர் அடிக்கலையாப்பா?" என்பாய். அடித்தது, 2015-16 சீசனில், 81 பாயிண்டில். முந்தைய சீசனில் 14-வது இடம். வார்டி, மாரெஸ், கான்டே மூன்று பேரும் ஒரே வருஷத்தில் உச்சத்தில் ஆடினார்கள், சீசன் முழுக்கப் பெரிதாக யாருக்கும் அடிபடவில்லை, ஐரோப்பிய மேட்ச்சும் இல்லை. அதற்கும் மேலே, பெரிய டீம்கள் எல்லாம் சேர்ந்து சறுக்கின. சாம்பியனாக இருந்த செல்சியே 10-வது இடத்துக்குப் போனது. இரண்டாவது வந்த ஆர்சனல் எடுத்தது 71 தான். இந்த வருஷம் லிவர்பூல் சறுக்குகிற மாதிரி எனக்குத் தெரியவில்லை. 1978-இல் உங்கள் ஃபாரஸ்டே இரண்டாம் டிவிஷனிலிருந்து ஏறி வந்த அடுத்த வருஷம் சாம்பியன் ஆனது, அப்போது கோச்சாக இருந்த பிரையன் கிளஃப் சிலையைத் தாண்டித்தான் நீ வேலைக்குப் போகிறாய். அன்றைக்குப் பணக்கார கிளப்புக்கும் மற்ற கிளப்புக்கும் இடையில் இவ்வளவு பள்ளம் இல்லை.

நடக்காது என்று சொல்ல எனக்கு வாய் வராததற்குக் காரணம் நீயும் நானும் பார்த்ததுதான். 2019 மார்ச் 9, நம் நேரு ஸ்டேடியம். முந்தைய வருஷம் பத்து டீமில் எட்டாவது வந்த நம் டீம் சென்னை சிட்டி, இந்திய லீக்கான ஐ-லீக்கின் கடைசி மேட்சில் மினர்வா பஞ்சாபோடு. மூன்றாவது நிமிஷமே கோல் வாங்கினோம். நீ என் போனில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த, கோப்பைக்கு நம்மோடு மோதிய ஈஸ்ட் பெங்காலின் ஸ்கோரையே பார்த்துக்கொண்டிருந்தாய், மைதானத்தைப் பார் என்று அதட்டினேன். இடைவேளைக்குப் பிறகு பெட்ரோ மான்சி பெனால்டி. அப்புறம் கௌரவ் போரா ஒன்று, கடைசி நேரத்தில் இன்னொன்று. 43 பாயிண்ட், ஈஸ்ட் பெங்காலுக்கு 42. நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாய்.

அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் அப்படித்தான். முந்தைய சீசனில் எட்டாவது வந்த ஐசால் சாம்பியன், அதற்கடுத்து ஒன்பதாவது வந்த மினர்வா சாம்பியன். ஆனால் அங்கே சீசன் 18, 20 மேட்ச்தான். பெரிய பணம் இன்னொரு லீக்கான ஐ.எஸ்.எல். பக்கம் போய்விட்டது. ஸ்பெயினின் கீழ் லீக்குகளிலிருந்து நாலு நல்ல ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்தாலே, சென்னை சிட்டியின் அக்பர் நவாஸ் மாதிரி ஒரு கோச் இருந்தால், ஒரு லீக்கையே புரட்டிவிடலாம். 38 மேட்சில் அது நடப்பது ரொம்பக் கஷ்டம்.

எனவே என் கணக்கு இது: ஃபாரஸ்ட் சாம்பியன் ஆகாது. மார்ச் வரைக்கும் முதல் நாலு இடத்தை விடாது. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதுகிற சாம்பியன்ஸ் லீக்கில் இடம் பிடிக்கக் கடைசி வாரம் வரை மோதும். அது நடந்தால் எனக்கு அது கோப்பைக்குச் சமம்தான். எனக்கு உள்ள கவலை அதற்குப் பிறகுதான். லெஸ்டர் ஜெயித்த சில வாரங்களிலேயே கான்டேயை செல்சி தூக்கிக்கொண்டது, அடுத்த சீசன் 12-வது இடம். மான்சி ஒரு வருஷத்துக்குள் ஜப்பான் போய்விட்டார். சென்னை சிட்டி இன்றைக்கு லீக்கிலேயே இல்லை. பஸ்ஸில் அந்த ஸ்டேடியத்தைத் தாண்டும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. முரில்லோவையும் கிப்ஸ்-வைட்டையும் அடுத்த வருஷமும் வைத்துக்கொள்வார்களா என்றுதான் நான் பார்ப்பேன்.

காப்புக் கட்டும்போது உன் அறை வாசலிலும் பூளைப்பூ செருகினேன். அம்மா அரிசிமாவு உருண்டை செய்து டப்பாவில் போட்டிருக்கிறாள், அடுத்த வாரம் அங்கே வருகிற உன் சிநேகிதனிடம் கொடுத்து விடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சவுத்தாம்ப்டன் அங்கே வருகிறது. டிக்கெட் விலை பார்க்காதே, போய் உட்கார். மேட்ச் முடிந்து டிரென்ட் பாலத்தில் கூட்டத்தோடு நடந்து வரும்போது கூப்பிடு. ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை, அந்தச் சத்தம் எனக்கும் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா