ஞாயிறு நடை: பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்கா, மொரீஷியஸ்

அன்பர்களுக்கு வணக்கம். ஞாயிறு காலை 7 மணிக்கு பெத்ரேன் தகவல் மையத்தின் முன் கூடுகிறோம். மக்காபே காட்டு வழியாக நடை. மழைச்சட்டை கட்டாயம், பெத்ரேன் வெயிலை நம்பக்கூடாது.

1994-இல் தேசியப் பூங்காவான இந்த 6,574 ஹெக்டேரில் பச்சையாகத் தெரிவதெல்லாம் நம் தீவின் மரமல்ல. சீனக் கொய்யா எங்கும் புகுந்துவிட்டது. களையெடுத்து வேலி போட்ட பாதுகாப்புத் திட்டுகளைப் பெத்ரேனிலேயே பார்க்கலாம். வேலி மானுக்கும் பன்றிக்கும்தான். குரங்குக்கு அது ஒரு பொருட்டா! பழத்தைத் தின்றுவிட்டு விதையை உள்ளேயே போட்டுவிட்டுப் போகும். அதனால், “வேலி போட்டாச்சு, இனி காடு தன்னைப் பார்த்துக்கொள்ளும்” என்று போன வாரம் இங்கே வந்த கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. களையெடுப்பை விட்டால் கொய்யா திரும்ப வந்துவிடும். ஐந்தாண்டுத் திட்டமெல்லாம் இதற்குப் போதாது. ஆளும் பணமும் பல பத்தாண்டுகளுக்கு ஒதுக்க வேண்டும். 1974-இல் காட்டில் 4 மட்டுமே இருந்ததாக அறியப்பட்ட மொரீஷியஸ் வல்லூறு பிழைத்ததும், ஆண்டுக்கணக்கில் விடாமல் கவனித்ததால்தான்.

கிளம்புமுன் காலணி அடியைத் தேய்த்துக் கழுவுங்கள், விதை ஒட்டியிருக்கும். குரங்குகளுக்குத் தீனி வேண்டாம், பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள். காரில் இடம் வேண்டுவோர் வெள்ளி மாலைக்குள் இங்கேயே எழுதுங்கள்.