பாரியா, ஓரியா?

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. மூட்டுவலிக்கு நீ எழுதியிருந்த எண்ணெயை இங்கே சிங்கப்பூரில் தேக்கா கடைத்தெரு முழுக்கத் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. அதை விடு, பெரிய சேதி வேறு. நான் தாத்தா ஆகிவிட்டேன்! மகளுக்குப் பையன், 3 கிலோ 200 கிராம், கேகே மருத்துவமனையில் பிறந்தான். தாயும் பிள்ளையும் நலம். இன்றோடு 22 நாள் ஆகிறது, இன்னும் பேர் வைத்தபாடில்லை. இப்போதைக்கு 'தம்பி' என்கிறோம். யார் கூப்பிட்டாலும் அவன் கொட்டாவிதான் விடுகிறான்.

பேர் கிடைக்காமல் இல்லை, இரண்டு கிடைத்ததுதான் சிக்கல். மகள் 'பாரி' என்கிறாள், மருமகன் 'ஓரி' என்கிறார். இரண்டும் இரண்டே எழுத்து. இரண்டுபேருமே கடையெழு வள்ளல்கள், ஆளுக்கொரு மலை வைத்திருந்தவர்கள். யாராவது ஒருவர் குப்புசாமி என்று சொல்லியிருந்தால் தீர்ப்புச் சொல்ல எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

ஓரி வீட்டுக்குள் வந்த வழி பஞ்சாங்கம். பையன் ரோகிணி, முதல் பாதம். ரோகிணிக்கு ஓ, வ, வி, வு என்று பாதத்துக்கு ஓர் எழுத்து. இவனுக்கு 'ஓ'. சம்பந்தியம்மாள் சிராங்கூன் ரோட்டில் ஜோசியரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே வந்துவிட்டார். ஓவில் ஆண்பிள்ளைப் பேர் சொல் பார்க்கலாம், ஓம்பிரகாஷைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கும். ரோகிணியில் ஆண் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்றும் அவர் ஆரம்பித்தார். தாய்மாமன் எதிரிலேயே உட்கார்ந்து பரோட்டா தின்றுகொண்டிருந்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மகளுடைய பாரிக்குக் காரணம் வேறு. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது தமிழாசிரியை ஒருநாள் 'அற்றைத் திங்கள்' பாட்டைச் சொல்லிக்கொடுத்தாராம். போன மாத நிலவில் அப்பாவும் இருந்தார், மலையும் இருந்தது, இந்த நிலவில் இரண்டும் இல்லை என்று பாரியின் பெண்கள் பாடியது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டாளாம். அவள் இதைச் சொன்னபோது அப்பா என்கிற முறையில் நான் என்ன சொல்வது? டீ போடப் போய்விட்டேன்.

மருமகன் விடவில்லை. கார் வைத்துக்கொள்ள வாங்கும் உரிமைச்சீட்டு, அந்த சிஓஇ மட்டுமே 1 லட்சம் வெள்ளியைத் தாண்டிவிட்ட ஊரில், ஒரு முல்லைக்கொடிக்காகத் தேரை விட்டுவிட்டு நடந்து போனவன் பேரையா வைப்பது என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன், மகள் சிரிக்கவில்லை.

அப்புறம் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுகிறவர், வந்தார். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பேர் என்ன என்று கேட்டார். பாரி என்றதும் வாயைப் பொத்திக்கொண்டார். மலாயில் பாரி என்றால் திருக்கை மீன் அல்லவா! பட்டறையில் சம்பளம் வாங்கிய வெள்ளிக்கிழமைகளில் நாம் போய் உட்காருவோமே, வாழையிலையில் சம்பலைத் தடவிச் சுட்டு, மேலே கலமான்சி பிழிந்து தருவார்களே, ஈக்கான் பாரி பாக்கார், அதே பாரி. எனக்கு இது இத்தனை நாள் உறைக்கவே இல்லை, பார். மக்சிக்கே சமாதானமும் சொன்னார்: 'பாரி பாரி' என்று இரண்டு தடவை சொன்னால் தேவதையாம். ஆக ஒரு தடவை கூப்பிட்டால் மீன், இரண்டு தடவை கூப்பிட்டால் தேவதை. கபிலர் 'பாரி பாரி என்று பல ஏத்தி' என்று பாடியது மக்சிக் காதில் விழுந்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ.

ஓரி மட்டும் தப்பித்தானா? இங்கே மலாய்ப் பையன்கள் ஒரிஜினல் என்பதைச் சுருக்கி 'ஓரி' என்பார்கள். அசல் சரக்கு என்று மருமகனுக்கு ஒரே பெருமை. மகள் அகராதியைத் திறந்து, ஓரி என்றால் ஆண் நரி என்று காட்டினாள். மீனைவிட நரி மேல் என்றார் அவர். நடுவில் என் மனைவி சமரசமாகக் காரி என்று வைக்கலாமே என்றாள். மலாயில் காரி என்றால் கறிக்குழம்பு. அதோடு ஓரியைக் கொன்றவனே காரிதான். அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

இதற்கெல்லாம் பயந்தால் இந்த ஊரில் பேரே வைக்க முடியாது, மாப்ளே. கேகே என்பதே கண்டாங் கெர்பாவ்தானே, எருமைக் கொட்டகை. 1966இல் ஒரே வருஷத்தில் முப்பத்தொன்பதாயிரத்துக்கும் மேல் பிள்ளைகள் அங்கே பிறந்தன. எருமைக் கொட்டகையில் பிறந்தேன் என்று ஒருவராவது வெட்கப்பட்டுப் பார்த்திருக்கிறாயா?

எனக்குக் கவலை எழுத்துக்கூட்டலில்தான். என் கதை உனக்குத் தெரியும். அப்பா 'குழந்தை' என்று சொன்னதை எழுத்தர் ஒருவர் 'கொலந்தா' என்று காதில் வாங்கி எழுதிவைத்தார். பள்ளிக்கூடம், ராணுவம், பட்டறை, இப்போது மருந்தகத்தில் நம்பர் கூப்பிடும் பெண் வரைக்கும் நான் கொலந்தாதான். பேரிலேயே கொலை. நல்லவேளை, பாரியிலும் ஓரியிலும் ழ கிடையாது, ற கிடையாது. ஆனால் ஆங்கிலத்தில் பாரிக்கு 'ஏ' ஒன்றா இரண்டா என்று ஒரு சண்டை இருக்கிறது. ஒன்று போட்டால் வகுப்பில் ஆசிரியர் 'பரி' என்பார், குதிரையாகிவிடும். ஓரிக்கு மூன்றே எழுத்து, யார் படித்தாலும் ஓரிதான். ஆனால் அவன் ஏறிய குதிரைக்கும் ஓரி என்றுதான் பேர். எந்தப் பக்கம் போனாலும் குதிரையில் கொண்டுபோய் விடுகிறது.

கூப்பிட்டும் பார்த்தேன். ராத்திரி பத்து மணிக்குத் தாழ்வாரத்தில் நின்று, கீழே பிள்ளைகள் பந்து விளையாடுகிற இடத்தைப் பார்த்து, சத்தம் போடாமல் வாயை மட்டும் அசைத்தேன். பாரிக்கு முதலில் உதட்டை மூடித் திறக்க வேண்டும். ஓரியில் அந்த வேலை இல்லை, 'ஓ' என்பதே கூப்பாடுதானே. ஒன்பதாவது மாடியிலிருந்து கூப்பிட அதுதான் தோது. எதிர் புளோக்கில் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்துவிட்டேன்.

இனி எழுதுவது உனக்கு மட்டும். முந்தாநாள் விடியற்காலை மூன்று மணிக்கு இவன் அழுதான். தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் புறநானூற்றைப் பிரித்தேன். 152ஆம் பாட்டு, வன்பரணர். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் ஓரி வீழ்த்தினானே, அது எல்லாருக்கும் தெரிந்த பாதி. மீதிப் பாதியை நான் கவனித்ததே இல்லை. யாரென்று தெரியாமல் அந்த வேடன் முன்னால் பாணர்கள் பாடுகிறார்கள். பாட்டில் 'கோ' என்று வருகிறது. அது தன் பேர் என்பதால் அவன் நாணிப்போகிறான். ஐந்து மிருகத்தை அடித்தவன், தன் பேர் காதில் விழுந்ததும் கூசிப்போய், வெந்த மானிறைச்சியையும் பொன்னையும் கையில் கொடுத்து, 'கொள்ளுங்கள்' என்று சொல்லி அனுப்புகிறான். அந்த ஒரு வரியில் நான் விழுந்துவிட்டேன். தோளில் இவனும் தூங்கிப்போயிருந்தான்.

மகளிடம் எப்படிச் சொல்வது? அவள் நான் பாரி கட்சி என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். பதிவுசெய்ய 42 நாள்தான் கெடு. முன்போல வரிசையில் நிற்கிற வேலையும் இல்லை, கைப்பேசியிலேயே முடிந்துவிடும். 2022 மே மாதத்திலிருந்து சான்றிதழைத் தாளில் தருவதுகூட இல்லை. கோபம் வந்தால் நடுராத்திரியில் 'பாரி' என்று தட்டிவிட்டுத் தூங்கிவிடுவாள்.

நீ சிங்கம்புணரிக்காரன், பிரான்மலையைத் தினம் பார்த்து எழுகிறவன். பாரிக்காகத்தான் பேசுவாய் என்று தெரியும். பேசு, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் கடிதம் போட்டால் வந்துசேர நாளாகும், ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிடு. மகள் எடுத்தால் முதலில் மூட்டுவலியைப் பற்றிப் பேசு.

உன்,
குழந்தை