புனேயில் இருக்கும் மகளுக்கு, காபி சீஸ்கேக் பற்றி

கோவை
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ கேட்ட மூன்றடுக்கு காபி சீஸ்கேக்கைப் போனில் சொல்லி மாளாது. நடுவில் உனக்கு ஆபீஸிலிருந்து கூப்பிடுவார்கள், இந்தப் பக்கம் உன் அம்மா குறுக்கே பேசுவாள். அதனால் எழுதியே அனுப்புகிறேன். சமையலறையில் ஒட்டி வைத்துக்கொள்.

உன் வீட்டில் ஓவன் அடுப்பு இல்லை. சம்பந்தியம்மா முட்டையைத் தொடமாட்டார், ஜெலட்டினும் ஆகாது. அப்படியென்றால் சுடாத சீஸ்கேக்தான், கெட்டிப்படுத்தச் சைனா கிராஸ்தான். இதில் குறைப்பட ஒன்றுமில்லை. ஜெலட்டின் உடம்புச் சூட்டுக்கே இளகிவிடும். ஏப்ரல் வெயிலில் மேசைமேல் வைத்துவிட்டு நீங்கள் பேச்சை வளர்த்தால் மூன்று நிறமும் தட்டில் ஒன்றாக ஓடும். சைனா கிராஸ் ஒரு தடவை இறுகிவிட்டால் 85 டிகிரி பக்கம் போனால்தான் மறுபடி உருகும். நம்ம ராமேஸ்வரம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கிறார்களே, மரிக்கொழுந்துப் பாசி, அதிலிருந்து வருவதுதான். இழையாக விற்பதை வாங்காதே, பொடியாக வாங்கு. இழையில் அளவு பிடிபடாது.

முதலில் சீஸ். பால் கூட்டுறவுச் சங்கத்து லேபில் பால் கொழுப்புப் பார்த்தே காலம் போனவன் நான், இந்த இடத்தில் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள். அமெரிக்காவில் கிரீம் சீஸ் என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால் அதில் 33 சதவீதத்துக்குக் குறையாமல் கொழுப்பு இருக்க வேண்டும், ஈரம் 55 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 1870களில் நியூயார்க் பக்கத்தில் செஸ்டர் என்ற ஊரில் வில்லியம் லாரன்ஸ் என்ற பால்காரர், பிரெஞ்சுக்காரர்களின் சீஸ் ஒன்றில் கூடுதலாகக் கிரீமைச் சேர்த்துச் செய்ய ஆரம்பித்த சரக்கு இது. கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பார். சீஸ் ஸ்ப்ரெட் என்று போட்டிருந்தால் வேண்டாம், அதில் உப்பு தூக்கலாக இருக்கும், காபியோடு சேரவே சேராது. கிரீம் சீஸ் என்றே போட்டிருக்க வேண்டும். அதில் 200 கிராம் போதும், விலையைப் பார்த்தால் அதற்குமேல் வாங்க மனசும் வராது. மீதிக்கு நீ இருக்கிற ஊரே வழி வைத்திருக்கிறது: சக்கா. ஸ்ரீகண்டுக்காகத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு எடுப்பார்களே, அதுதான். புனே பால் கடைகளில் எடை போட்டே கொடுப்பார்கள்.

ஆனால் நீ கடையில் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். சம்பந்தியம்மாவிடம் கேள். நீங்கள் போன தடவை வந்தபோது அவர் கொடுத்துவிட்ட ஸ்ரீகண்டை நான் மறக்கவில்லை, அதில் புளிப்பு எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று தெரிந்த கை அது. 6 சதவீதக் கொழுப்புள்ள பால் ஒரு லிட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டு, "சக்கா மட்டும் நீங்கள் செய்து தாருங்கள்" என்று சொல். தயிர் உறைந்ததும் புளிக்க விடாமல் உடனே கட்டி, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ராத்திரி முழுக்கத் தொங்க வேண்டும். காலையில் ஒரு கரண்டி எடுத்து டிஷ்யூ பேப்பரில் வைத்துப் பார். சுற்றிலும் ஈர வளையம் படர்ந்தால் இன்னும் இரண்டு மணி நேரம் தொங்கட்டும். உனக்கு வேண்டியது 250 கிராம். மிஞ்சுவதை அவரே பார்த்துக்கொள்வார்.

இனி காபி. பெரும்பாலான செய்முறைகளில் இன்ஸ்டன்ட் காபித்தூள்தான் போடச் சொல்கிறார்கள். காரணம் இருக்கிறது, அதைப் போட்டால் கூடவே தண்ணீர் உள்ளே போகாது. சீஸ்கேக்குக்குத் தண்ணீர்தான் பகை. ஆனால் அதில் மணம் எங்கே இருக்கிறது? பில்டரில் முதல் டிகாஷனைக் கெட்டியாக இறக்கினால் இரண்டும் கிடைக்கும். 50 கிராம் பொடிக்கு 180 மில்லி கொதிநீர். பாதிக்கு மேல் பொடியே குடித்துவிடும், கீழே 80 மில்லி அளவுக்கு இறங்கும். பொடியைத் தட்டுக் குமிழால் லேசாக அமுக்கினால் போதும், குத்தி அமுக்கினால் சொட்டே விழாது. ராத்திரி ஊற்றி வைத்துவிட்டுப் படு. இரண்டாவது டிகாஷன் இதற்கு உதவாது, அதை நீ குடித்துக்கொள்.

பொடி நான் அனுப்புகிறேன், காபிக்கொட்டையில் பீபரி, பிளாண்டேஷன் ஏ என்ற இரண்டு ரகமும் பாதிக்குப் பாதி. சிக்கரி நூற்றுக்குப் பத்துதான் போடச் சொல்லியிருக்கிறேன். நாம் குடிக்கிற காபிக்கு இருபது இருந்தால்தான் உன் அம்மாவுக்கு நிறைவு, அது வேறு கதை. பாலில் கலந்து சூடாகக் குடிக்கும்போது சிக்கரி கொடுக்கிற கனம் நல்லது. குளிர்ந்த இனிப்பில் அதன் கசப்பு மட்டும் நாக்கின் ஓரத்தில் தங்கிவிடும். அங்கே கடையில் பாக்கெட் வாங்க நேர்ந்தால் பின்பக்கம் படித்துவிட்டு வாங்கு. காபி 51 சதவீதம் இருந்தாலே சட்டப்படி விற்கலாம், மீதி முழுக்கச் சிக்கரியாக இருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். ஏழு அங்குல டின், அடி கழலுகிற வகை. மேரி பிஸ்கட் 150 கிராமைப் பொடித்து, உருக்கிய வெண்ணெய் 75 கிராம் விட்டுப் பிசறி, அடியில் அமுக்கி ஃப்ரிட்ஜில் வை. டம்ளரின் அடியால் அமுக்கினால் சமமாக வரும்.

கிரீம் சீஸ், சக்கா இரண்டும் ஒரு மணி நேரம் முன்பே வெளியில் இருக்கட்டும். இரண்டையும் மென்மையாக அடித்து, பொடித்த சர்க்கரை 120 கிராம் சேர். சர்க்கரை பட்டதும் கலவை கொஞ்சம் இளகும், பயப்படாதே, சக்காவின் குணம் அது. அப்புறம் பாக்கெட் ஃப்ரெஷ் கிரீம் 200 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு. இட்லி மாவுப் பதத்தில் நிற்கும். இதை மூன்று கிண்ணத்தில் சமமாகப் பிரித்துக்கொள். முதல் கிண்ணத்தில் 45 மில்லி டிகாஷன், இரண்டாவதில் 15 மில்லி, மூன்றாவது வெள்ளையாகவே இருக்கட்டும். மீதி 20 மில்லியை எடுத்து வை, மேல் பூச்சுக்கு வேண்டும்.

இந்த இடத்தில் முதல் கிண்ணத்தை ருசி பார்க்கும்போது ஒன்றை நினைவில் வை. காபி ஒரு பங்கு தூக்கலாகவும் இனிப்பு கொஞ்சம் அதிகமாகவும் தெரிய வேண்டும். நாக்குக்குச் சரியாக இருக்கிறது என்று விட்டுவிட்டால் மறுநாள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கும்போது சப்பென்று இருக்கும். குளிர்ச்சி இனிப்பை மட்டுப்படுத்தும், கொழுப்பு காபியின் கசப்பை மூடும். போதவில்லை என்று பட்டால் இன்னும் டிகாஷன் ஊற்றாதே. அங்கே மட்டும் ஒரு சிட்டிகை இன்ஸ்டன்ட் தூளைப் போடு, கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

அடுத்தது சைனா கிராஸ். நிறையப் பேருக்குக் கைவிட்டுப் போவது இங்கேதான். 4 கிராம் பொடியை 150 மில்லி குளிர்ந்த பாலில் கரைத்து, கிளறிக்கொண்டே கொதிக்கவிடு. கொதி வந்த பிறகும் இரண்டு மூன்று நிமிடம் அடுப்பில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொடி முழுதாகக் கரையாது. இதை டிகாஷனில் போட்டுக் கொதிக்கவிடலாமே என்று உனக்குத் தோன்றும், உன்னை எனக்குத் தெரியாதா? டிகாஷன் கொதித்தால் மணம் ஆவியாகப் போய்விடும், மிஞ்சுவது கசப்புதான்.

சைனா கிராஸ் 40 டிகிரிக்குக் கீழே வந்தாலே இறுக ஆரம்பிக்கும். ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியோடு இருக்கிற சீஸில் ஊற்றினால் பட்ட இடத்திலேயே திப்பி திப்பியாக உறைந்துவிடும், அப்புறம் எத்தனை அடித்தாலும் போகாது. அதனால் இரண்டு காரியம். பால் பாத்திரத்தைச் சுடுதண்ணீர்ச் சட்டியில் இறக்கி வை, கடைசி அடுக்கு வரைக்கும் அது உருகியே இருக்கும். ஊற்றப் போகிற கிண்ணத்தையும் அதே தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துக் கிளறு, விரலை விட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். பிறகு மூன்றில் ஒரு பங்கு பாலை மெல்லிய தாரையாக விட்டுக்கொண்டே மறு கையால் அடி. உடனே டின்னில் ஊற்று.

முதலில் கரும்பழுப்பு, அதன்மேல் இளம்பழுப்பு, கடைசியில் வெள்ளை. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஃப்ரிட்ஜில் கால் மணி நேரம் இருக்கட்டும். கடிகாரத்தை நம்பாதே, விரலால் தொட்டுப் பார். விரல் உள்ளே போகக்கூடாது, ஆனால் லேசாக ஒட்ட வேண்டும். அந்த ஒட்டு இருக்கும்போது ஊற்றினால்தான் அடுக்குகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். சைனா கிராஸ் முழுதாக இறுகிய பிறகு மேலே ஊற்றினால் வெட்டும்போது அடுக்கு அடுக்காக வழுக்கிக்கொண்டு வரும். நேரம் தவறி இறுகிவிட்டால் முள்கரண்டியால் மேலே இலேசாகக் கீறிவிட்டு ஊற்று. எப்போது ஊற்றினாலும் கரண்டியின் முதுகில் விழுந்து வழியட்டும். நேராகக் கொட்டினால் அந்த இடத்தில் குழி விழுந்து நிறம் கலங்கிவிடும்.

மேல் பூச்சு சுலபம். 100 மில்லி தண்ணீர், இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூனுக்கும் குறைவாகச் சைனா கிராஸ் பொடி, கொதிக்கவைத்து இறக்கி, வைத்திருக்கும் டிகாஷனை அதில் கலந்து, கை பொறுக்கும் சூட்டில் ஊற்று. கண்ணாடி மாதிரி நிற்கும் என்றெல்லாம் சொல்லமாட்டேன், குமிழி இருந்தால் ஊசியால் குத்திவிடு. ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருக்கட்டும், மூடி போட்டு வை, பூண்டு வாசனை ஏறிவிடும். வெட்டும்போது கத்தியைச் சுடுநீரில் முக்கித் துடைத்துவிட்டு வெட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் துடைக்க வேண்டும்.

சாக்லேட் சீவல், கேரமல் என்று மேலே எதையும் கொட்டாதே. மாப்பிள்ளை கேட்டாலும் தனிக் கிண்ணத்தில் கொடு.

பொடி புதன்கிழமை கூரியரில் கிளம்பும். வந்ததும் பாக்கெட்டிலேயே வைக்காமல் இறுக்கமான டப்பாவில் போடு, அங்கே நீங்கள் வைத்திருக்கிற கோடா மசாலா டப்பாவுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். அரைத்த பொடிக்கு இரண்டு வாரம்தான் மணம், அதற்குள் சம்பந்தியம்மாவிடம் நாள் பேசிவிடு.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: உன் பித்தளை பில்டர் இங்கே பரணில் இருக்கிறது, அதையும் அதே பெட்டியில் வைக்கச் சொல்கிறாள் அம்மா. ஓட்டைகள் அடைத்திருக்கின்றன. அனுப்புவதற்கு முன் தட்டை அடுப்பில் காட்டித் தட்டி எடுத்துவிடுகிறேன்.